கிராபீன் எங்கே போனது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2010ல் நோபல் பரிசு கிடைத்தபோது கிராபீனை ‘உலகை மாற்றப்போகும் பொருள்’ என்று எழுதாத பத்திரிகை கிடையாது. இன்று அந்தப் பெயர் அதிகமாகக் கண்ணில் படுவது கார் பாலிஷ் போடும் கடைகளின் பலகையிலும் மின் ஸ்கூட்டர் விளம்பரங்களிலும்தான். நடுவில் என்ன ஆனது என்று கேட்கிறவர்களுக்காக இந்தப் பக்கம். பள்ளி மாணவர்கள் கேட்பதும் இதில் இருக்கிறது, பேட்டரி வாங்கப் போகிறவர்கள் கேட்பதும் இருக்கிறது.

கிராபீன் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கார்பன் அணுக்கள் மட்டுமே சேர்ந்த, ஒரே ஓர் அணு தடிமன் உள்ள தாள். அணுக்கள் அறுகோணம் அறுகோணமாகப் பிணைந்திருக்கும். பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு இடையே 0.142 நானோமீட்டர் தூரம். அவ்வளவுதான்.

பென்சிலுக்குள் இருப்பதும் இதுதானே?

ஆமாம், ஒரு வகையில். பென்சில் முனை என்பது களிமண் கலந்த கிராஃபைட். கிராஃபைட் என்பது கிராபீன் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, 0.335 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கியது. 1 மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறக்குறைய 30 லட்சம் தாள்கள்.

கார்பனின் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள் உண்டு. வைரத்தில் நான்கும் நான்கு பக்கத்து அணுக்களோடு கட்டுண்டுவிடும். கிராஃபைட்டில் மூன்று மட்டும் அதே தளத்தில் இருக்கும் மூன்று அணுக்களோடு கெட்டியாகப் பிணையும். மிச்சமுள்ள ஒன்று தாள் முழுக்கச் சுதந்திரமாகத் திரியும். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்துவதும் வைரம் கடத்தாததும் இதனால்தான். தாளுக்கும் தாளுக்கும் இடையே உள்ள ஈர்ப்போ மிகப் பலவீனம். காகிதத்தில் எழுதும்போது அடுக்குகள் வழுக்கிக்கொண்டு கழன்று வருகின்றன. அந்தக் கறுப்புக் கோட்டில் சில துணுக்குகள் உண்மையிலேயே கிராபீனாக இருக்க வாய்ப்பு உண்டு. தேடிக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

பென்சில் முனை கீழே விழுந்தாலே உடைகிறது. அதே பொருள் எஃகைவிட வலிமையானது என்பதை எப்படி நம்புவது?

அளந்து பார்த்திருக்கிறார்கள். 2008ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், சிலிக்கான் தகட்டில் ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள் போட்டு, அதன்மேல் கிராபீனைப் படர விட்டார்கள். அணுவிசை நுண்ணோக்கியின் வைர முனையால் குழியின் நடுவே அழுத்தி, எப்போது கிழிகிறது என்று பார்த்தார்கள். வந்த விடை சுமார் 130 கிகாபாஸ்கல் (எவ்வளவு விசையைத் தாங்கும் என்று சொல்லும் அலகு). கட்டுமானத்துக்கு நாம் வாங்கும் கம்பி 1 கிகாபாஸ்கலைக்கூடத் தொடாது.

‘எஃகைவிட 200 மடங்கு’ என்ற வாசகம் பிறந்தது இங்கேதான். கணக்கு சரி. ஆனால் அது ஒரே தடிமன் உள்ள எஃகோடு ஒப்பிட்டால். ஓர் அணு தடிமனில் எஃகுத் தகடு யாரிடமும் இல்லை. நோபல் குழு வெளியிட்ட விளக்கக் குறிப்பிலேயே ஓர் அழகான கணக்கு இருக்கிறது: ஒரு சதுர மீட்டர் கிராபீனில் தூளி கட்டினால் நான்கு கிலோ எடையுள்ள பூனை ஒன்று அதில் படுத்துத் தூங்கலாம், தூளியின் எடை 1 மில்லிகிராமுக்கும் குறைவு, அந்தப் பூனையின் ஒரு மீசை மயிர் அளவு. எடையைப் பார்த்தால் மலைப்பு. தாங்கும் பாரத்தைப் பார்த்தால், யானை எல்லாம் இல்லை, பூனைதான்.

இன்னொன்று. அந்த 130 என்பது குறையே இல்லாத, கண்ணுக்குத் தெரியாத அளவுத் துண்டுக்கு. ஓரத்தில் ஏற்கெனவே ஒரு சின்ன விரிசல் இருந்தால் கதை மாறிவிடும். 2014ல் ரைஸ் பல்கலைக்கழகத்தினர் விரிசல் போட்ட கிராபீனை இழுத்துப் பார்த்தபோது அது கண்ணாடி, பீங்கான் வகையறா போலச் சட்டென்று பிளந்தது. விளம்பரங்களில் முதல் எண் மட்டும் வரும், இரண்டாவது வராது.

செலோ டேப்பை வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்கிறார்களே, கட்டுக்கதையா?

முழுக்க உண்மை. ஆனால் டேப் பாதிக் கதைதான்.

கிராபீனைப் பற்றிய கோட்பாட்டுக் கணக்கை இயற்பியலாளர் பிலிப் வாலஸ் 1947லேயே போட்டுவிட்டார். கிராஃபைட்டைப் புரிந்துகொள்வதற்காகப் போட்ட கணக்கு அது. தனித் தாள் கையில் கிடைக்கும் என்று அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒற்றை அணுத் தாள் வெப்ப அதிர்விலேயே நிலைகுலைந்துவிடும் என்று இயற்பியலாளர்கள் லாண்டாவும் பையர்ல்ஸும் 1930களில் கோட்பாட்டளவில் காட்டியிருந்தார்கள். 1962ல் ஜெர்மனியில் ஹான்ஸ்-பீட்டர் போம் மிக மெல்லிய கார்பன் தாள்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துப் பதிவும் செய்தார். ஆக, ‘2004ல் கண்டுபிடித்தார்கள்’ என்று மொட்டையாகச் சொல்வது கொஞ்சம் அநியாயம். 2004ல் நடந்தது, அதைத் தனியாகப் பிரித்து, கம்பி இணைத்து, அதன் மின் குணத்தை அளந்தது.

அதைச் செய்தவர்கள் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும். இருவரும் ரஷ்யாவில் பிறந்தவர்கள். கெய்முக்கு ஒரு பழக்கம் உண்டு: வெள்ளிக்கிழமை மாலைகளில், யாரும் நிதி கொடுக்காத விசித்திரமான சோதனைகளைச் செய்து பார்ப்பார். காந்தப்புலத்தில் உயிருள்ள தவளையை அந்தரத்தில் மிதக்க விட்டது அதில் ஒன்று. அதற்கு 2000ல் கிண்டலுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு கிடைத்தது. பத்து வருடம் கழித்து நிஜ நோபலும் வந்தது.

டேப் விஷயத்துக்கு வருவோம். கிராஃபைட்டின் மேற்பரப்பைச் சுத்தப்படுத்த டேப் ஒட்டி உரித்து எறிவது ஆய்வகங்களில் வழக்கம். எறியும் டேப்பில் ஒட்டியிருப்பது என்ன என்று பார்த்ததுதான் புதுசு. கிராஃபைட் துண்டை டேப்பில் வைத்து, மடித்து ஒட்டி, பிரிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அடுக்கு மெலியும், பளபளப்பு போய் சாம்பல் பூச்சாகும். பிறகு அந்த டேப்பை சிலிக்கான் தகட்டின்மேல் அழுத்தி மெல்ல உரித்தால், துணுக்குகள் தகட்டில் தங்கிவிடும்.

அப்புறம்தான் உண்மையான அதிர்ஷ்டம். சிலிக்கான் தகட்டின்மேல் சுமார் 300 நானோமீட்டர் ஆக்சைடு படலம் இருந்தால், சாதாரண நுண்ணோக்கியில் தகடு ஊதா நிறத்தில் தெரியும். கனமான துணுக்குகள் மஞ்சளாகவும் நீலமாகவும் மின்னும். அவற்றின் நடுவே, தகட்டைவிட ஒரு சாயல் மட்டும் அடர்ந்த ஊதாத் திட்டு தெரிந்தால், அது ஒற்றைத் தாளாக இருக்கலாம். படலம் 300க்குப் பதில் 315 நானோமீட்டராக இருந்தால்கூட அந்தச் சாயல் மறைந்துவிடும். அதாவது அதற்கு முன்பும் எத்தனையோ பேர் கையில் கிராபீன் இருந்திருக்கும், கண்ணில்தான் படவில்லை.

கட்டுரையை முதலில் நேச்சர் இதழ் திருப்பி அனுப்பியது. சயன்ஸ் இதழில் 2004 அக்டோபரில் வெளியானது.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

உரிக்கலாம். பார்க்க முடியாது. சரியான படலம் போட்ட சிலிக்கான் தகடும் நல்ல நுண்ணோக்கியும் இல்லாமல் வெறும் டேப்பை முறைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கல்லூரி இயற்பியல் ஆய்வகம் கைக்கு எட்டினால் முயன்று பாருங்கள். பெரிய செலவு இல்லை.

எலக்ட்ரான்கள் அதில் பறக்கின்றன என்கிறார்கள். அப்படியானால் கம்ப்யூட்டர் சிப்பில் ஏன் இன்னும் வரவில்லை?

பறப்பதுதான் பிரச்சினை. சிப்பில் இருக்கும் டிரான்சிஸ்டரின் வேலை மின்சாரத்தை விடுவது மட்டும் கிடையாது, நிறுத்துவதும்தான். 1 என்றால் ஓட வேண்டும், 0 என்றால் நிற்க வேண்டும். சிலிக்கானில் எலக்ட்ரான்கள் தாண்ட வேண்டிய ஓர் ஆற்றல் இடைவெளி இருக்கிறது, 1.1 எலக்ட்ரான் வோல்ட். அது இருப்பதால் நிறுத்தமுடிகிறது. இயல்பான கிராபீனில் அந்த இடைவெளி பூஜ்யம். எவ்வளவு வேகமாகத் தண்ணீர் வந்தால் என்ன, மூடவே முடியாத குழாயை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்த முடியுமா?

தாளைக் குறுகலான நாடாவாக வெட்டுவது, இரண்டு அடுக்காக்கி மின்புலம் கொடுப்பது என்று இடைவெளியை உண்டாக்கப் பல வழிகள் பார்த்தார்கள். இடைவெளி வந்தால் வேகம் போனது. 2024 ஜனவரியில் ஜார்ஜியா டெக்கைச் சேர்ந்த வால்ட் டி ஹீரும் சீனாவின் தியான்ஜின் பல்கலைக்கழகத்தினரும், சிலிக்கான் கார்பைடுமேல் வளர்த்த கிராபீனில் 0.6 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி கிடைத்ததாக, வேகமும் பெரிதாகக் குறையாமல் கிடைத்ததாக வெளியிட்டார்கள். நல்ல முன்னேற்றம். ஆனால் ஒரு டிரான்சிஸ்டரிலிருந்து கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உள்ள சிப்புக்குப் போகும் பாதை நீளம். சிலிக்கானுக்கு எழுபது வருட அனுபவமும் மலைபோல் பணமும் பின்னால் நிற்கின்றன.

டேப்பில் உரித்தால் துணுக்குதான் கிடைக்கும். பெரிய தாளாகச் செய்யவே முடியாதா?

முடியும். 2009ல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ராட் ரூஃப் குழு வழி காட்டியது. தாமிரத் தகட்டை உலையில் வைத்து 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, மீத்தேன் வாயுவை விடுவார்கள். மீத்தேன் உடைந்து, கார்பன் அணுக்கள் தாமிரத்தின்மேல் படிந்து தாமே அறுகோணமாக அடுக்கிக்கொள்ளும். தாமிரத்துக்குள் கார்பன் அதிகம் கரையாது என்பதால் ஒரு தாள் மூடியதும் வளர்ச்சி பெரும்பாலும் நின்றுவிடும். அடுத்த வருடமே தென்கொரியாவில் 30 அங்குலத் தாள் செய்துவிட்டார்கள்.

சரி, தாள் வந்துவிட்டது. அதைத் தாமிரத்திலிருந்து எடுப்பது எப்படி? இங்கேதான் எல்லோருக்கும் வேர்க்கிறது. மேலே ஒரு பிளாஸ்டிக் கரைசலைப் பூசிக் காயவைத்து, தாமிரத்தை ரசாயனத்தில் கரைத்துவிட்டு, திரவத்தின்மேல் மிதக்கும் படலத்தை வேண்டிய தகட்டால் அடியிலிருந்து ஏந்தி எடுக்க வேண்டும். பிறகு அந்தப் பிளாஸ்டிக்கைக் கழுவ வேண்டும். கொஞ்சம் அசைந்தால் சுருக்கம் விழும். பிளாஸ்டிக் மிச்சம் ஒட்டியிருக்கும், எங்காவது ஓட்டை விழும். ஒவ்வொரு குறையும் அந்தப் புகழ்பெற்ற எண்களைக் கீழே இழுக்கும். கிராபீன் வீட்டுக்கு வந்து சேராததற்கு ஒரே காரணம் சொல்லச் சொன்னால், இந்தத் தாள் மாற்றும் வேலையைத்தான் சொல்வேன்.

ஆன்லைனில் கிலோ கணக்கில் விற்கிறார்களே, அது என்ன?

அது தூள். கிராஃபைட்டைத் திரவத்தில் போட்டு அடித்தோ, ரசாயனத்தில் ஊறவைத்தோ அடுக்குகளைப் பிரித்தது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஜோனதன் கோல்மன் குழு, சமையலறை பிளெண்டரில் கிராஃபைட்டையும் பாத்திரம் கழுவும் திரவத்தையும் போட்டு ஓட்டினால்கூடக் கொஞ்சம் கிராபீன் கிடைக்கும் என்று 2014ல் காட்டியது. (உங்கள் வீட்டு மிக்ஸியில் வேண்டாம். சட்னி வீணாகும் என்பதைவிட, பிரித்தெடுக்க மைய விலக்குக் கருவி வேண்டும்.)

முறையில் தப்பில்லை. லேபிளில்தான் தப்பு. 2018ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தினர் உலகம் முழுக்க 60 நிறுவனங்களின் கிராபீன் தூளை வாங்கிச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் கிராபீன் 10 சதவீதம்கூட இல்லை. பாதிக்குமேல் இருந்த சரக்கு ஒன்றுகூட இல்லை. மிச்சம் எல்லாம் பொடித்த கிராஃபைட். பத்து அடுக்கு வரைதான் கிராபீன் கணக்கில் சேரும் என்று சர்வதேசத் தரநிலை வரையறுத்திருக்கிறது. அதற்குமேல் போனால் அது நல்ல பென்சில் தூள், கிராபீன் விலையில்.

காருக்குக் கிராபீன் கோட்டிங் போடலாமா?

அதில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கா அடிப்படையிலான பூச்சு; அதோடு கொஞ்சம் கிராபீன் ஆக்சைடு, அதாவது ஆக்சிஜன் சேர்ந்த கிராபீன். மழைநீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், கழுவ சுலபம். ஆனால் 130 கிகாபாஸ்கல் கவசம் போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு முள்வேலி ஓரம் ஓட்டாதீர்கள். ‘9எச் கடினம்’ என்று போட்டிருப்பார்களே, அது பென்சில் அளவுகோல். வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களால் பூச்சைக் கீறிப் பார்க்கும் சோதனை. கிராபீன் பூச்சின் பெருமையைப் பென்சிலை வைத்து அளப்பதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

கிராபீன் பேட்டரி வாங்கலாமா?

முழுக்கக் கிராபீனால் ஆன பேட்டரி கடையில் இல்லை. பவர் பேங்குகளில் அந்தப் பெயரில் வருவது லித்தியம் அயன் பேட்டரி; மின்முனையிலோ சூட்டைக் கடத்தும் படலத்திலோ கொஞ்சம் கிராபீன் இருக்கும். பயன் இல்லாமல் இல்லை: மின்முனைக்குள் கடத்துதிறன் கூடினால் சார்ஜ் வேகமாக ஏறும். விலை குறைந்த மின் இருசக்கர வண்டிகளில் ‘கிராபீன் பேட்டரி’ என்று வருபவற்றில் பல, கார்பன் கலவை சேர்த்த பழைய ஈய-அமில பேட்டரிகள். தூக்கிப் பாருங்கள், எடையே சொல்லிவிடும். கடைக்காரரிடம் ‘இது லித்தியமா, ஈயமா? உத்தரவாதம் எத்தனை வருஷம், எத்தனை சார்ஜ்?’ என்று மட்டும் கேளுங்கள். கிராபீன் எவ்வளவு என்று கேட்டால் அவருக்கும் தெரியாது.

உருப்படியாக எங்குமே பயன்படவில்லையா?

பயன்படுகிறது, சத்தமில்லாமல். ஃபோர்டு நிறுவனம் 2018 கடைசியில் இஞ்சின் பகுதியின் நுரைப் பாகங்களில் கிராபீனைச் சேர்க்கத் தொடங்கியது. சேர்த்தது அரை சதவீதத்துக்கும் குறைவு. இரைச்சல் 17 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. அதே வருடம் ஹுவாவே ஒரு கைபேசியில் சூட்டைப் பரப்பக் கிராபீன் படலம் வைத்தது. 2021ல் இங்கிலாந்தின் ஏம்ஸ்பரியில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கிராபீன் கலந்த கான்கிரீட்டில் தரை போட்டார்கள். வலிமை கூடியதால் சுமார் 30 சதவீதம் குறைவான கான்கிரீட் போதுமாக இருந்தது. உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் சிமென்ட்டின் பங்கு பெரிது என்பதால், என்னைக் கேட்டால் கிராபீனால் வரும் என்று பேசப்பட்ட மடங்கும் கைபேசியைவிட இந்தத் தரைதான் பெரிய செய்தி.

கடல்நீரைக் குடிநீராக்குமா?

கிராபீன் ஆக்சைடுத் தாள்களை அடுக்கினால் இடையில் தண்ணீர் நுழையும், உப்பு நுழையாமல் தடுக்கலாம் என்பதுதான் யோசனை. தண்ணீரில் ஊறியதும் அடுக்குகள் உப்பிவிடும், உப்பும் நுழைந்துவிடும். 2017ல் மான்செஸ்டரில், கேரளத்தைச் சேர்ந்த ராகுல் ரவீந்திரன் நாயரின் குழு அடுக்குகளின் இருபுறமும் எப்பாக்சி பிசினை வைத்து உப்பாமல் இறுக்கி, 97 சதவீத உப்பைத் தடுத்தது. ஆய்வக அளவில்தான். ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் பிரதீப்பின் குழு வேறு மாதிரி யோசித்தது: சர்க்கரையை மணலோடு சேர்த்துச் சூடாக்கி, மணல்மேல் கிராபீன் போன்ற பூச்சு வரவைத்து, தண்ணீரிலிருந்து பூச்சிக்கொல்லியைப் பிடித்தார்கள். 2012லேயே வெளியான வேலை. உப்புக்கு அது உதவாது.

நம் பக்கம் கிராஃபைட் கிடைக்கிறதா?

சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனம், டாமின், கிராஃபைட் தோண்டுகிறது. பாறையில் செதில் செதிலாகக் கலந்திருப்பதால் நுரை மிதப்பு முறையில் சுத்தம் செய்ய வேண்டும். உலோகம் உருக்கும் மூசைக்கும் உலைச் செங்கலுக்கும் போகிறது. இலங்கையின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் கிடைப்பது வேறு ரகம்: பாறைப் பிளவுகளில் நரம்பாக ஓடும், தோண்டும்போதே மிகத் தூய்மையான கிராஃபைட். ஹோமாகமயில் உள்ள நானோ தொழில்நுட்ப நிறுவனம் அதிலிருந்து கிராபீன் ஆக்சைடு செய்யும் வேலையில் இறங்கியது.

கீழடியும் இந்தக் கதைக்குள் வருகிறது. அங்கே கிடைத்த கி.மு. 6ஆம் நூற்றாண்டு மட்பாண்ட ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதாக வேலூர் விஐடி ஆய்வாளர்கள் 2020ல் வெளியிட்டார்கள். நானோ குழாய் என்பது கிராபீனைச் சுருட்டிய வடிவம். ‘அன்றே நானோ தொழில்நுட்பம்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. குயவருக்கு நானோ தெரிந்திருக்கத் தேவையில்லை. சூளைச் சூட்டில் கரிமப் பொருள் கருகும்போது இப்படி உருவாகலாம். அந்தப் பூச்சு இத்தனை காலம் உதிராமல் நின்றதுதான் ஆச்சரியம்.

மூச்சில் போனால் ஆபத்தா?

தூளாக இருந்தால் கவனம் வேண்டும். 2021ல் கனடா, கிராபீன் பூசிய முகக்கவசங்களைச் சந்தையிலிருந்து நிறுத்தி வைத்தது. ஆராய்ந்த பிறகு சிலவற்றை மறுபடி அனுமதித்தது. 2024ல் வெளியான எடின்பரோ ஆய்வில் 14 பேர் மிகத் தூய கிராபீன் ஆக்சைடைக் கட்டுப்பாட்டுடன் சுவாசித்தார்கள். உடனடிப் பாதிப்பு தெரியவில்லை. 14 பேர், குறுகிய நேரம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இனி இதில் புதிதாக என்ன இருக்கிறது?

இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 1.1 டிகிரி திருப்பினால் என்ன ஆகும் என்பது. 2018ல் எம்ஐடியில் பாப்லோ ஜரியோ-ஹெரேரோ குழு அதைச் செய்து, 1.7 கெல்வினில் மின்தடையே இல்லாமல் போவதைக் கண்டது. சேர்மானம் எதுவும் கலக்காமல், கோணத்தை மாற்றியே பொருளின் குணத்தை மாற்றலாம் என்று தெரிந்ததும் இயற்பியலாளர்கள் கூட்டம் கூட்டமாக அந்தப் பக்கம் போனார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 271 டிகிரியில் நடப்பது என்பதால் மின்கம்பிக்கு இப்போதைக்கு உபயோகமில்லை.

அந்தச் சோதனைக்குக் கிராபீனை அப்படியே வைக்க முடியாது. மேலும் கீழும் போரான் நைட்ரைடு தாளால் மூட வேண்டும். அதுவும் அறுகோணம்தான், மின்சாரம் கடத்தாது, அணு அளவில் மேடு பள்ளம் கிடையாது. அதன் சிறந்த படிகங்களை வளர்ப்பவர்கள் ஜப்பானின் சுகுபாவில் உள்ள தகாஷி தனிகுச்சியும் கென்ஜி வதனாபேயும். 40,000 வளிமண்டல அழுத்தமும் 1500 டிகிரி சூடும் கொடுக்கும் ராட்சத அழுத்தியில் நாள்கணக்கில் வைத்து எடுப்பார்கள். உலகெங்கும் உள்ள கிராபீன் ஆய்வகங்களுக்கு அந்த இருவரின் படிகங்கள்தான் போகின்றன. அதனால், தாங்கள் செய்யாத சோதனைகளின் கட்டுரைகளிலும் இருவர் பெயரும் இடம்பெற்றிருக்கும்.